மீன் வாடைக்கு ஆன்டிசெப்டிக் எதற்கு?

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன், வீடு தண்டையார்பேட்டையில். கிருமி ஒட்டிக்கொண்டு வருமே என்று ஆறு வயசுப் பையன் குளிக்கிற வாளியில் தினமும் ஒரு மூடி ஆன்டிசெப்டிக் லிக்விட் ஊற்றுகிறேன். சோப்பும் ஆன்டி-பாக்டீரியல்தான். ஆனாலும் வீட்டில் வாடை போகவில்லை. பையனுக்கு முழங்கை மடிப்பெல்லாம் வறண்டு அரிக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. தண்ணீரைப் பால் போல வெளுக்க வைக்கும் அந்த லிக்விடில் பெரும்பாலும் இருப்பது குளோராக்சிலெனால் என்ற கிருமிநாசினி. தினமும் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும். முழங்கை மடிப்பில் அரிப்பு என்றால் எக்சிமா என்ற தோல் அழற்சியாக இருக்கலாம், அதை இது இன்னும் கிளறிவிடும். மிதமான சோப்பு, குளித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர் போதும். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் தோல் ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள்.

வாடைக்கு வருவோம். அதற்குக் காரணம் மீனிலிருந்து வரும் அமீன்கள் என்ற காரத்தன்மையுள்ள வேதிப்பொருள்கள். கிருமியைக் கொன்றாலும் ஏற்கெனவே ஒட்டிய அமீன் அப்படியே இருக்கும். புளிப்பு பட்டால்தான் அடங்கும். எலுமிச்சை, புளித்தண்ணீர் தேய்த்துக் கழுவும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் சரியான வேதியியல்.

சோப்பு விஷயத்தில் விளம்பரத்தை நம்பாதீர்கள். ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பன் உட்பட 19 கிருமிக்கொல்லி ரசாயனங்களைக் கை, உடல் கழுவும் சோப்புகளில் சேர்க்க 2016-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தடை போட்டது. சாதா சோப்பைவிட இவை மேல் என்றோ, நாள்பட்ட உபயோகத்துக்குப் பாதுகாப்பு என்றோ கம்பெனிகளால் நிரூபிக்க முடியவில்லை. விலங்குகளில் ட்ரைக்ளோசான் தைராய்டு ஹார்மோனைக் குறைப்பது தெரிந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை டிபி: டிபிக்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரை கிருமியில் குறிவைக்கும் அதே என்சைமை ட்ரைக்ளோசானும் தாக்குகிறது. ஆய்வகத்தில் டிபி கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, ட்ரைக்ளோசானுக்குப் பழகியபோது ஐசோநியாசிடுக்கும் மசியாமல் போயிருக்கிறது. சோப்பு வாங்கும்போது அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில் ட்ரைக்ளோசான் என்ற பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

குளித்த தண்ணீர் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாலும் ட்ரைக்ளோசான் முழுக்க நீங்காது. கணிசமான பங்கு கசடில் ஒட்டிக்கொள்ளும். சாக்கடையாகவே பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் மீன், இறாலின் உணவுச் சங்கிலி தொடங்குவதே பாசியில். அந்தப் பாசிக்கு இது விஷம். உங்கள் வியாபாரத்துக்கும் ஆகாது.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, மழையில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றால் மட்டும் கக்கூசுக்கும் தரைக்கும் பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து. அதோடு பாத்ரூம் ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. கண் எரிந்து இருமல் வந்தால் கழுவிவிடலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.