வாசகர் கேள்வி பதில்: பீரோ வந்து இறங்கிய பிறகு வந்த பாக்கி

கேள்வி: ஆன்லைனில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் இரும்பு பீரோ வாங்கினேன். விலை 14,499 ரூபாய், டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தது. யூபிஐயில் முழுப் பணமும் கட்டினேன், பீரோவும் வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து, 'உங்கள் ஊர் எங்கள் டெலிவரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. தருமபுரி குடோனிலிருந்து தனி வண்டி வைத்தோம். 1,450 ரூபாய் பாக்கி. கட்டாவிட்டால் வாரண்டி பதிவாகாது' என்று வாட்ஸ்அப்பில் லிங்க்குடன் மெசேஜ் வந்திருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: கட்ட வேண்டியதில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விட்டுவிடவும் கூடாது. எழுத்தில் மறுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. அந்த லிங்கைத் தொடாதீர்கள். ஆர்டர் விவரம் வெளியே கசிந்து, கடையின் பெயரில் வேறு யாரோ பணம் கேட்பதும் நடக்கிறது. கடையின் ஆப்பில் உங்கள் கணக்கை நீங்களே திறந்து, அந்த ஆர்டரில் பாக்கி ஏதும் காட்டுகிறதா என்று பாருங்கள். கஸ்டமர் கேர் எண்ணையும் பில்லிலிருந்தே எடுங்கள். கேட்டது கடை இல்லை என்று தெரிந்தால், அது மோசடி முயற்சி. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கேட்டது கடைதான் என்றால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, பொருளின் மொத்த விலையையும், டெலிவரி, கையாளும் செலவு, வரி என அதில் அடங்கியவற்றையும் விற்பவர் முன்கூட்டியே பிரித்துக் காட்ட வேண்டும். நீங்கள் பணம் கட்டும் முன்பே பின்கோடு கொடுத்திருப்பீர்கள். பென்னாகரம் என்று தெரிந்துதான் 'டெலிவரி இலவசம்' என்று காட்டி ஆர்டரை ஏற்றார்கள். உங்கள் வாதத்தின் ஆணிவேரே இதுதான், கடிதத்தில் இதை முதலில் எழுதுங்கள். 'வண்டி வாடகையைக் கணக்கில் விட்டுவிட்டோம்' என்று அவர்கள் சொல்லலாம். ஒரு தரப்பு மட்டும் தவறாகப் புரிந்துகொண்டது என்ற காரணத்தால் ஒப்பந்தம் ரத்தாகாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. ஜிஎஸ்டி கணக்குக்காக 'டெபிட் நோட்' (பில்லுக்கு மேல் பாக்கி இருக்கிறது என்று விற்பவர் தரும் சீட்டு) ஒன்றை அனுப்பினாலும் மிரள வேண்டாம். அது அவர்கள் தயாரித்த காகிதம், நீங்கள் ஒப்புக்கொண்டதற்கான சான்று ஆகாது.

போனில் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதற்குப் பதிவு இருக்காது. கடையின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அவருக்கு எழுதுங்கள். ஆர்டர் எண், பில் எண், கட்டிய தேதி, தொகை, 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண், பொருள் வந்த தேதி, கூடுதல் பணம் கேட்ட தேதி ஆகியவை போதும். பிறகு மூன்றே கோரிக்கை: இந்தத் தொகைக்கு நான் எங்கே சம்மதித்தேன் என்று காட்டுங்கள், இல்லையென்றால் கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள், வாரண்டி செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் மெசேஜையும் இணையுங்கள். விலைப் பக்கத்தை இப்போதே எடுத்து வைப்பது நல்லது, கடைக்காரர் நாளைக்கே மாற்றிவிடலாம். அப்படி மாற்றியிருந்தாலும் ஆர்டர் உறுதியான மின்னஞ்சல் உங்களிடம் இருக்கும்.

புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் குறைதீர்ப்பு அதிகாரி தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, கடைக்கு உங்கள் புகாரை அனுப்பிப் பதில் வாங்கும் இடம். கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான ஈ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம், பிரமாணப் பத்திரமும் தேவைப்படும். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வாரண்டியைப் பிடித்து வைத்து மிரட்டியதையும் சேவைக் குறைபாடாகச் சேர்த்து, இழப்பீடு கேளுங்கள்.

கேள்வி: 'இன்ஸ்டலேஷன் இலவசம்' என்று 1.5 டன் ஏசி ஆன்லைனில் வாங்கினோம். மாட்ட வந்தவர் காப்பர் பைப், ஸ்டாண்ட், சுவரில் துளை என்று 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முழுவதையும் கேட்க முடியாது. இலவசம் என்பது பெரும்பாலும் மாட்டும் கூலி மட்டுமே. பெட்டியோடு பொதுவாகச் சுமார் 3 மீட்டர் பைப்தான் வரும். அவுட்டோர் யூனிட்டை மாடியில் வைத்தால் அது போதாது. விளம்பரப் பக்கத்தின் அடியில் 'ஸ்டாண்ட், கூடுதல் பைப் தனி' என்று இருந்தால் அவை உங்கள் செலவுதான்.

பிரச்சினை அளவிலும் ரேட்டிலும்தான் வரும். இண்டோரிலிருந்து அவுட்டோர் வரை பைப் போகும் வழியை நீங்களே டேப்பால் அளந்து, பெட்டியோடு வந்ததைக் கழியுங்கள். ஒரு மீட்டர் என்றால் தடித்த பைப்பும் மெல்லிய பைப்பும் சேர்ந்த ஒரு ஜோடி. இரண்டையும் தனித்தனியாக எண்ணி இரட்டிப்பாக வாங்கியிருக்கிறார்களா பாருங்கள். கம்பெனியின் ரேட் கார்டைக் கேட்டு வாங்கி, அதோடு ஒப்பிட்டு, அதிகப்படியை மட்டும் கேளுங்கள். அவருடைய சொந்த யூபிஐக்குப் பணம் போயிருந்தால், கம்பெனி பில் எங்கே என்பதே முதல் கேள்வி. பில் இல்லையென்றால் பைப்புக்கும் வேலைக்கும் உத்தரவாதம் கேட்பது பின்னால் சிரமம்.

கேள்வி: முதல் ஆர்டருக்கு ஓடிபி கொடுத்தேன். அடுத்த மாதம் என் கார்டிலிருந்து 699 ரூபாய் தானாகப் போயிருக்கிறது.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: 2022 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. ஓடிபி இல்லாமல் பணம் எடுக்க இ-மேண்டேட், அதாவது தானாகப் பணம் எடுக்க நீங்கள் முன்பே கொடுத்த அனுமதி, வேண்டும். பொதுவாக 15,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம், 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவலும் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வந்திருந்தால், 'மெம்பர்ஷிப்' ஒன்றுக்குத் தெரியாமல் டிக் போட்டிருப்பீர்கள். வங்கி ஆப்பில் மேண்டேட்டை உடனே ரத்து செய்யுங்கள். அந்த டிக் ஏற்கெனவே போட்டு வைத்திருந்ததானால் அதைச் சம்மதமாகக் கொள்ள மின் வணிக விதிகள் இடம் தரவில்லை. குறைதீர்ப்பு அதிகாரியிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மேண்டேட்டே இல்லையென்றால் அது அனுமதியற்ற பரிவர்த்தனை. கார்டை பிளாக் செய்து, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தாமதமானால் நஷ்டத்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். வெளிநாட்டு வணிகர்களுக்கு ஓடிபி இல்லாமலே பணம் போகலாம். ஆகவே கார்டில் 'இன்டர்நேஷனல்' பயன்பாட்டைத் தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள்.