கழிமுகப் பாதுகாப்புக் குழு: மீனவர்களும் விவசாயிகளும் வராதது குறித்து

தங்கள் குழுவின் கூட்டங்களுக்கு மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மட்டுமே வருகிறார்கள், மீனவர்களும் ஆற்றின் மேற்பகுதி விவசாயிகளும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். காலைக் கூட்டம் என்பது இரவெல்லாம் வலை வீசியவர் உறங்கும் நேரம். ஆகவே படகுகள் கரையேறும் இடத்துக்கே சென்று, தயாரான தீர்மானம் எதையும் கையில் கொண்டுபோகாமல், முகத்துவாரத்தை மணல் எந்த மாதத்தில் அடைக்கிறது, எந்த மீன் வரத்து நின்றது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் நீரை அவர்களோடு சேர்ந்தே அளந்து பாருங்கள். மீன்கள் சுவாசிக்கும், நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலை ஒட்டித்தான் மிகவும் குறையும் என்பதால், பகலில் மட்டும் எடுக்கும் அளவு ஏமாற்றிவிடும்; விடியல் வேளையில் நீரில் இருப்பவர் மீனவர்தான். பெரும்பாலான மீன்களுக்குத் தாங்காத அளவான லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கியதைத் தம் கையால் எழுதியவருக்கு நாம் விளக்கவுரை நிகழ்த்த வேண்டியதில்லை.

விவசாயிகளிடம் உரக்கழிவைப் பற்றிய குற்றச்சாட்டோடு போகாதீர்கள். ஆற்றில் நன்னீர் வரத்து குறையும்போது உப்புநீர் உள்ளேறிக் கிணறுகளைக் கெடுப்பது அவர்களுடைய கவலையும்தான். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

அரசுத் துறைகளுடனான உடன்பாட்டைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்காக மூன்று மாநிலங்களும், தலைநகர நிர்வாகமும், நடுவண் சுற்றுச்சூழல் முகமையும் 1983-இல் கையெழுத்திட்ட முதல் உடன்படிக்கை ஒரே பக்கம்தான். அளவுகளோடு கூடிய இலக்குகள் 1987-இல்தான் சேர்ந்தன.