இலை விட்ட பிறகு வான்கோழிச் சேவல் எங்கே போகிறது?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் பிங்கம்டன் அருகே வசிக்கிறேன். இது எனக்கு இரண்டாவது வசந்தகால வான்கோழி வேட்டை. மே முதல் வாரத்தில் அரசுக் காட்டில் விடிவதற்குள் மூன்று நான்கு சேவல்கள் கூவின. இப்போது மே 20 தாண்டிவிட்டது. மரமெல்லாம் இலை விட்டு, சில இடங்களில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. விடியலில் ஒரே ஒரு கூவல், அதோடு சரி. ஏழரை மணி வரை உட்கார்ந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன். இடையில் இரண்டு நாள் மழை வேறு. பறவைகள் இடம் மாறிவிட்டனவா? மிச்சமிருக்கும் நாட்களில் என்ன செய்யலாம்?

பதில்: சேவல்கள் எங்கும் போய்விடவில்லை. ஏழரை மணிக்குக் கிளம்பிப் போவது நீங்கள்தான். நியூயார்க்கில் வசந்தகாலச் சீசன் மே 1 முதல் 31 வரை. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து நண்பகல் 12 மணி வரை வேட்டையாடலாம். உங்கள் பக்கத்தில் இப்போது ஐந்தரை மணியளவில் சூரியன் உதித்துவிடுகிறது. ஆக, சட்டம் தரும் நேரம் ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதில் முதல் இரண்டரை மணி நேரத்தை மட்டும் பயன்படுத்திவிட்டுக் காட்டைக் குறை சொல்கிறீர்கள். மாதத் தொடக்கத்தில் அது நல்ல நேரம்தான். மாதக் கடைசியில் நல்ல நேரம் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல்தான் தொடங்குகிறது.

காரணம் பெட்டைகளிடம் இருக்கிறது. ஒரு பெட்டை ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து, பன்னிரண்டு முட்டைகள் இடும். எல்லாவற்றையும் இட்டு முடிக்கும் வரை அடைகாக்க உட்காராது. அந்த நாட்களில் விடியலில் மரத்திலிருந்து இறங்கிச் சேவலோடு கொஞ்ச நேரம் சுற்றும். வெயில் ஏறிய பிறகு நழுவிக் கூட்டுக்குப் போய் முட்டையிட்டு வரும். முட்டை நிறைந்ததும் 28 நாள் அடை. அப்போது இரை தேடவும் தண்ணீர் குடிக்கவும் மட்டும் சிறிது நேரம் எழுந்து வரும். பெரும்பாலான பெட்டைகள் சினைப்பட்டு முட்டையிடத் தொடங்கிய பிறகு வேட்டை நடக்க வேண்டும் என்பதற்காகவே சீசனை மே மாதத்தில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் காட்டில் நடப்பது இதுதான். பாதிக்கு மேற்பட்ட பெட்டைகள் அடையில் இருக்கும். தாமதமாகச் சேர்ந்த ஒன்றிரண்டு மட்டும் இன்னும் சேவலோடு விடியலைக் கழிக்கின்றன. சேவல் மரத்தில் இருந்தபடி ஒருமுறை கூவும். கீழே பெட்டை வந்து நின்றுவிட்டால் அதற்கு மேல் கூவ வேண்டிய தேவையே இல்லை. இயற்கையின் ஏற்பாட்டில் கூவலைக் கேட்டுப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். கருவியில் பெட்டைக் குரல் எழுப்பிச் சேவலை வரவழைக்கப் பார்க்கும் நாம் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறோம். அருகில் உண்மையான பெட்டை இருக்கும்போது இது பலிக்காது. அந்தக் கடைசிப் பெட்டையும் ஒன்பது, பத்து மணிக்குக் கூட்டுக்குப் போய்விட்டால் சேவல் தனித்துப்போகும். அப்போது அதுவே நடந்து தேடத் தொடங்கும். மூன்று வாரமாக வேட்டைக்காரர்களின் போலிக் குரல்களைக் கேட்டுச் சலித்த பறவை என்பதால், பெரும்பாலும் சத்தமே போடாமல் வரும்.

அடுத்தது இலை. மே தொடக்கத்தில் மேப்பிளும் ஓக்கும் மொட்டாக நிற்கும். எதிர் மேட்டில் ஒரு சேவல் கூவினாலும் தெளிவாகக் கேட்கும். இலை விரிந்த பிறகு அதே கூவல் அமுங்கி வருகிறது. தொலைவில் இருப்பதாக நினைத்து நூறு அடி முன்னே நடப்பீர்கள். பறவை அங்கேயே நின்றுகொண்டிருக்கும், உங்களைப் பார்த்துவிட்டு ஓடும். கிளையில் இருக்கும் சேவல் தலையைத் திருப்பினாலும் போதும், அடுத்த கூவல் இரண்டு மடங்கு தள்ளி இருப்பது போலக் கேட்கும். ஆகவே இலை விட்ட காட்டில் கூவல் கேட்டதும் முதலில் உட்காருங்கள், தூரத்தைப் பிறகு கணக்குப் பாருங்கள். முன்னேறித்தான் ஆக வேண்டும் என்றால், இடையில் மேடு ஒன்று மறைத்திருக்கும் போது மட்டும் நகருங்கள்.

கூவலுக்காக மட்டும் காதைத் தீட்டி வைத்திருப்பது இந்தப் பருவத்தில் வீண். இரண்டு சிறிய ஒலிகளைப் பழகிக்கொள்ளுங்கள். தோகை விரித்து நிற்கும் சேவல் ‘ச்ஃப்’ என்று துப்புவது போல ஓர் ஒலி எழுப்பி, உடனே நெஞ்சுக்குள்ளிருந்து தாழ்ந்த அதிர்வு ஒன்றை வெளியிடும். தொலைவில் நெடுஞ்சாலையில் லாரி கியர் மாற்றுவதைப் போல இருக்கும். அது காதில் விழுந்தால் பறவை அநேகமாகத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருக்கிறது. கண் இமைப்பதைக் கூட யோசித்துச் செய்யுங்கள். மற்றொன்று நடை ஒலி. அணில் குதித்துக் குதித்து ஓடும். மான் நாலு அடி வைத்து நிற்கும். வான்கோழி உலர்ந்த சருகில் நிதானமாக இரண்டு கால் வைத்து நடக்கும்போது யாரோ ஆள் வருகிறார் என்றே தோன்றும். இதற்கு மறுபக்கமும் உண்டு. வான்கோழி என்று நீங்கள் நினைப்பது உண்மையில் ஆளாகவும் இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே உட்காருவது? விடியலில் கூவிய மரத்தை மறந்துவிடுங்கள். பத்து மணிக்குச் சேவல் நடமாடும் இடத்தைத் தேடுங்கள். பழைய மரம் வெட்டும் பாதைகள், மரக்கட்டைகளை அடுக்கி வைத்த வெட்டவெளிகள், காட்டை ஒட்டிய மேய்ச்சல் நில ஓரங்கள் ஆகியவை நல்ல இடங்கள். மே கடைசியில் வைக்கோல் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து காலையில் பனியில் நனைந்திருக்கும். அதற்குள் நடக்க வான்கோழிக்குப் பிடிக்காது. தடயங்களைக் குனிந்து பாருங்கள். ஆங்கில ஜே எழுத்தைப் போல வளைந்த எச்சம் சேவலுடையது. சுருண்டு குவிந்தது பெட்டையுடையது. நான்கு அங்குலத்துக்கு மேல் நீண்ட கால்தடம் அநேகமாக வளர்ந்த சேவல். புழுதிப் பாதையில் கால்தடத்தின் இருபுறமும் மெல்லிய கோடுகள் இழுபட்டிருந்தால், சேவல் தோகை விரித்து இறக்கை நுனி தரையில் உரச நடந்திருக்கிறது. அப்படி ஒரு கோடு கிடைத்தால் அந்தப் பாதையை விட்டு அசைய வேண்டாம்.

உட்காரும் இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வான்கோழிக்கு மோப்பம் அநேகமாகக் கிடையாது. ஆனால் பார்வையும் செவியும் அபாரம். நீங்கள் ஒலி எழுப்பிய இடத்தை அது துல்லியமாகக் குறித்துக்கொண்டு, அந்த இடம் கண்ணில் படும் வரை நடந்து வரும். அங்கே பெட்டை தெரியாவிட்டால் நின்றுவிடும், அதற்கு மேல் ஓர் அடி வைக்காது. எழுபது கஜம் திறந்து தெரியும் சமவெளியில் உட்கார்ந்தால் எழுபது கஜத்திலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதனால் பாதை வளையும் இடத்திலோ, மேட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயோ உட்காருங்கள். அது உங்களை முதலில் பார்க்கக்கூடிய இடம் முப்பது கஜத்துக்குள் இருக்க வேண்டும். இலை அடர்த்தியைப் பற்றிப் புலம்பியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் இலை உங்கள் பக்கம்.

அழைப்பைக் குறையுங்கள். முதல் வாரத்தில் பலித்த உரத்த, நீண்ட அழைப்புகளை இப்போது எல்லாச் சேவல்களும் கேட்டுவிட்டன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உரசினால் பெட்டைக் குரல் எழுப்பும் பெட்டிக் கருவியிலோ கற்பலகைக் கருவியிலோ மெல்லிய ‘க்ளக்’ இரண்டு, மூன்று மென்மையான அழைப்பு, அவ்வளவு போதும். கையால் சருகைக் கிளறுங்கள்: ஒரு கிளறல், சிறு இடைவெளி, வேகமாக இரண்டு கிளறல். இரை தேடும் பெட்டை இப்படித்தான் கிளறும். பதிவுசெய்த குரலைக் கருவியில் ஒலிக்கவிடுவது நியூயார்க்கில் சட்ட விரோதம். இரை தூவி வைப்பதும் அப்படியே. அழைத்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் அசையாமல் இருங்கள். பதில் வரவில்லை என்று எழுந்து நிற்கும்போது நாற்பது கஜத்தில் இறக்கைச் சத்தம் கேட்பதுதான் மே மாதக் கடைசியின் வழக்கமான வயிற்றெரிச்சல்.

மழை பற்றிச் சுருக்கமாக. இனச்சேர்க்கைக் காலத்தைத் தீர்மானிப்பது பகல் நீளம். மழை அதைத் தள்ளிப்போடாது. அன்றைய கூவலைத்தான் மழையும் காற்றும் குறைக்கின்றன. சொட்டுச் சொட்டாக நீர் விழும் காட்டில் எதிரியின் அடியோசை கேட்காது என்பதால், மழைக்குப் பிறகு வான்கோழிகள் திறந்த வெளிக்கு வந்து இறகை உலர்த்தும். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் குட்டைப் புல் உள்ள மேய்ச்சல் ஓரத்தில் இருங்கள், அது தனியார் நிலமானால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு. பலத்த காற்றில் பள்ளத்தாக்கின் காற்று மறைவுப் பக்கம் போங்கள், அல்லது வீட்டில் தூங்குங்கள்.

இனி, பிறகு சொல்கிறேன் என்றது. பசுமை மூடிய காட்டில் பெரிய ஆபத்து இன்னொரு வேட்டைக்காரர். வசந்தத்தில் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அந்த மூன்று நிறங்களும் உங்கள் உடலில் எங்கும் தெரியக் கூடாது: பனியன் கழுத்து, காலுறை, கைக்குட்டை எதுவும். கோயில் சிவப்புக் கயிறு மணிக்கட்டில் கட்டியிருப்பவர்கள் கையுறைக்குள் மறையுங்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வேறு யாராவது வந்தால் கை அசைக்காதீர்கள், வான்கோழிக் குரலும் எழுப்பாதீர்கள். உரக்க, மனிதக் குரலில் ‘இங்கே ஆள் இருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். கூவல் கேட்கும் திசையில் பதுங்கிப் போகாதீர்கள், கூவுவது இன்னொருவரின் கருவியாக இருக்கலாம். சத்தத்தையோ அசைவையோ நோக்கித் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது. தலையும், மார்பில் மயிர்க்கற்றை போலத் தொங்கும் தாடியும் முழுதாகத் தெரிந்து, பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்தால் மட்டுமே. சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள்.

தாடி என்றதும் ஒன்று. நியூயார்க்கில் வசந்தத்தில் தாடியுள்ள பறவையைத்தான் சுடலாம். சில பெட்டைகளுக்கும் தாடி இருக்கும், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது அடையில் இருக்கும் தாயாக இருக்கக்கூடும், விட்டுவிடுங்கள். சுடுவது தலைக்கும் கழுத்துக்கும். உடலின் இறகும் சதையும் தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவைகளைத் தாங்கிவிடும், பறவை காயத்தோடு போய்விடும். உங்கள் ஷாட்கன் முப்பது கஜத்தில் ரவையை எப்படிப் பரப்புகிறது என்பதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை காட்டுக்குப் போவதற்கு முன் அதுதான் வேலை. நடுவில் ஒரு சிறு கிளை இருந்தாலும் சுடாதீர்கள்.

மே, ஜூன் மாதங்கள் உண்ணிக் குஞ்சுகளின் காலம். கசகசா அளவுதான் இருக்கும், லைம் நோயைப் பரப்பும். பெர்மெத்ரின் மருந்தைத் துணியில் மட்டும் தெளித்துக் காயவிடுங்கள், தோலில் படக் கூடாது. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள், சருகின் மேல் நேராக உட்காராமல் மெத்தை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்து அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம் பாருங்கள். பிறகு வட்டத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. நியூயார்க் உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகும். வான்கோழி சீசன் முடிந்ததும் உரிமத்தை மறந்துவிடுபவர்கள் செப்டம்பர் முதல் சிக்கலில் இருக்கிறார்கள். துப்பாக்கி வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். வேட்டை உரிமத்தோடு தனியாக வான்கோழி அனுமதியும் வேண்டும், சுட்டால் ஏழு நாளுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

உங்கள் மிச்ச நாட்களுக்கு என் யோசனை இது. வார நாட்களில் விடியலுக்கு எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மே மாதக் கடைசித் திங்கள் மெமோரியல் டே விடுமுறை. அன்று எட்டரைக்குக் காட்டுக்குப் போங்கள். முகாமிட வந்தவர்களின் கூட்டம் இருக்கும், ஆகவே வண்டி நிறுத்துமிடத்திலிருந்து குறைந்தது அரை மைலாவது உள்ளே நடந்து, கோடு இழுபட்ட பாதை வளைவில் உட்காருங்கள். பன்னிரண்டு அடிக்கும்வரை எழாதீர்கள்.