மேக்ரோ கோர்ஸுக்கு 40,000 ரூபாய் கட்டலாமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவை கணபதி பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் ஒன்றரை வருஷமாக விஎம்சி (கணினி கட்டுப்பாட்டில் துளையிட்டு வெட்டும் மெஷின்) ஓட்டுகிறான். இப்போது ‘மேக்ரோ புரோகிராமிங்’ கோர்ஸ் சேர வேண்டும், மூன்று மாதம், 40,000 ரூபாய் என்கிறான். அவன் அப்பா அந்தப் பணத்தை பி.இ. ஃபீஸுக்கு வைக்கச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள். “மேக்ரோ என்றால் எக்செல்லில் வருமே, அதுவா?” என்றும் கேட்டிருந்தீர்கள்.

பணத்தை இப்போது கட்ட வேண்டாம். ஆனால் தம்பி ஆசைப்படுகிற விஷயம் சரியானது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எக்செல் மேக்ரோ இல்லை, ஆனால் அதற்குத் தூரத்து உறவு. உங்கள் ஊர் பம்பு ஊர் என்பதால் ஃபிளேஞ்சையே (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) எடுத்துக்கொள்வோம். 50 மில்லி குழாய்க்கான பிஎன்16 (அழுத்த வகை) ஃபிளேஞ்சில் துளைகள் உட்காரும் வட்டம், அதாவது பிசிடி, 125 மில்லிமீட்டர், துளை 4. அதுவே 80 மில்லி குழாய் என்றால் பிசிடி 160, துளை 8. 100 மில்லிக்கு பிசிடி 180, துளை 8. மூன்றிலும் துளையின் அளவு 18 மில்லிதான். சாதாரணமாக எழுதுகிறவர் மூன்று ஃபிளேஞ்சுக்கு மூன்று புரோகிராம் எழுதுவார். ஒவ்வொரு துளைக்கும் எக்ஸ், ஒய் கணக்குப் போட்டு வரிசையாக அடித்து வைப்பார். நாளைக்கு வாடிக்கையாளர் வேறு அளவு கேட்டால் நாலாவது புரோகிராம்.

மேக்ரோ எழுதுகிறவர் ஒரே ஒரு புரோகிராம்தான் எழுதுவார். அதில் எண்கள் இருக்காது, பெயர்கள்தான் இருக்கும். ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலில் (மெஷினை நடத்தும் கணினி) அந்தப் பெயர்கள், அதாவது மாறிகள், #1, #2 என்று வரும். பிறகு ஜி65 என்ற கட்டளையில் “பிசிடி 160, துளை 8, ஆழம் இவ்வளவு” என்று ஒரே வரியில் சொன்னால், 360-ஐ எட்டால் வகுத்து 45 டிகிரி என்று மெஷினே கண்டுபிடிக்கும். ஆரத்தை காஸால் பெருக்கினால் எக்ஸ், சைனால் பெருக்கினால் ஒய். துளை போட்டுவிட்டு, எட்டு முடியும்வரை அதையே திரும்பச் செய்யும். அவ்வளவுதான் அம்மா, பத்தாம் வகுப்பு முக்கோணவியல். நீங்கள் கணக்கு டியூஷன் எடுக்கிறவர் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான வரி.

கோர்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். எழுதப் படிக்க வேண்டிய இலக்கணம் கொஞ்சம்தான்: இஃப், கோடூ, வைல் (நிபந்தனை வைக்க, வேறு வரிக்குத் தாவ, திரும்பச் செய்ய), சதுர அடைப்புக்குறி (வளைந்த அடைப்புக்குறிக்குள் எழுதினால் மெஷின் அதைக் குறிப்பு என்று விட்டுவிடும்), எந்த எழுத்து எந்த எண்ணுக்குப் போகும் என்ற அட்டவணை. அந்த அட்டவணையில் ஒரு குறும்பு உண்டு. ஏ என்றால் #1, பி என்றால் #2, சி என்றால் #3. அடுத்து டி #4 என்று நினைப்பீர்கள். இல்லை, #7. ஐ, ஜே, கே மூன்றும் 4, 5, 6-ஐப் பிடித்துக்கொண்டன. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். மெஷின் பக்கத்தில் ஒரு தாளில் ஒட்டி வைத்தால் போதும். #33 வரை உள்ளவை அந்தந்த அழைப்புக்கு மட்டும். #100 முதல் #199 வரை உள்ளவை கரண்ட் போனால் அழிந்துவிடும். #500-இலிருந்து எழுதுவது அப்படியே நிற்கும். ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கையில் மெஷின் இல்லாமல் வகுப்பறையில் மூன்று மாதம் படித்தால் மறந்தும் போகும்.

இலக்கணம் தெரிவதும் பட்டறையில் நம்பி விடுவதும் வேறு வேறு. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். துளை போடுகிற மேக்ரோ அவனே எழுதினான், அழகாக ஓடியது. ஒரு நாள் ஷிஃப்ட் மாறும் நேரம். அவசரத்தில் அழைப்பு வரியில் ஆர், அதாவது டிரில் மேலே எழும்ப வேண்டிய உயரம், விட்டுப்போனது. அவன் நினைத்தது, விட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் என்று. ஃபானுக்கில் அப்படி இல்லை. கொடுக்காத மாறி ‘காலி’, பூஜ்யம் அல்ல. அட்டவணைப்படி ஆர் என்றால் #18. “இசட்டை #18-க்கு ஏற்று” என்ற வரியில் #18 காலியாக இருந்தால், மெஷின் இசட் (மேல்-கீழ் அச்சு) என்ற சொல்லே அங்கே இல்லாதது போல் நடந்துகொள்ளும். டிரில் எழும்பவில்லை. துளைக்குள் இருந்தபடியே அடுத்த துளைக்கு ராப்பிடில், அதாவது முழு வேகத்தில், பாய்ந்தது. டிரில் போனது, ஜாப் போனது, நல்லவேளை ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) தப்பியது.

இதற்கு மருந்து ஒரு வரிதான். புரோகிராமின் தலையிலேயே, #18 காலியா என்று #0-வுடன் ஒப்பிட்டுப் பார்த்து, காலியென்றால் #3000 மூலம் அலாரம் போட்டு நிறுத்திவிட வேண்டும். “ஆர் கொடுக்கவில்லை” என்று திரையில் வரும்படி நாமே எழுதலாம். என் அனுபவத்தில், நல்ல மேக்ரோவில் பாதி வரிகள் துளை போடுவதற்கு அல்ல, தவறான எண் உள்ளே வராமல் தடுப்பதற்குத்தான். இதைச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பை நான் அதிகம் பார்த்ததில்லை. பட்டறை மூத்த செட்டர்களுக்கு (புது வேலைக்கு மெஷினைத் தயார் செய்பவர்கள்) இது ரத்தத்தில் ஊறியது.

அவன் அப்பா கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும்: “எல்லாம் கேம் சாஃப்ட்வேரே எழுதிக் கொடுக்கிறதே, இதெல்லாம் எதற்கு?” நியாயமான கேள்வி. (கேம், அதாவது சிஏஎம், வரைபடத்திலிருந்து புரோகிராமைத் தானே எழுதும் சாஃப்ட்வேர்.) டை, மோல்டு மாதிரி வளைந்த பரப்புகளை வெட்டும் கடையில் தம்பி சேர்ந்தால் மேக்ரோ பெரிதாக உதவாது. அங்கே கேம் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. ஆனால் ஒரே வடிவம், நாற்பது அளவு என்று ஓடும் பம்பு, வால்வு, பேரிங் ஹவுசிங் வேலைகளில் மேக்ரோ எழுதுகிறவன் தனித்துத் தெரிவான். புரோப் (தொட்டு அளக்கும் கருவி) வைத்து மெஷினிலேயே அளவு எடுக்கும் வேலையும் மேக்ரோதான். ரெனிஷா புரோப் இருக்கும் மெஷினில் ஜி65 பி9814 டி50 என்று அடித்தால் 50 மில்லி போரை (துளையை) அது தொட்டு அளந்து சொல்லும். அந்த 9814 என்பது யாரோ எழுதி வைத்த ஒரு மேக்ரோ. 9000 வரிசை புரோகிராம்களைப் பெரும்பாலும் பூட்டி வைத்திருப்பார்கள். பூட்டைத் திறக்கும் பாராமீட்டர் எது என்று தம்பிக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் என்ற ஏணியில் அவன் இன்னும் முதல் படியில்தான் இருக்கிறான். டூல் ஆஃப்செட் (ஒவ்வொரு டூலின் அளவு) தானே போட்டு, புது ஜாப்பை யார் துணையும் இல்லாமல் செட் பண்ணி, முதல் பீஸை சரியாக எடுக்கிறானா? அது வராமல் மேக்ரோ எழுதினால், வண்டி ஓட்டத் தெரியாதவன் எஞ்சினைப் பிரித்த கதையாகிவிடும். எனவே அடுத்த ஆறு மாதம் செட்டிங்தான் முதல் வேலை. மேக்ரோ அதற்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில்.

அவன் மெஷினில் மேக்ரோ ஆப்ஷன் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆஃப்செட் பக்கத்தில் மாறிகளைக் காட்டும் மேக்ரோ திரை வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய மெஷின்களில் அது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக லினக்ஸ்சிஎன்சி இலவசமாகக் கிடைக்கிறது. எழுதும் முறை ஃபானுக்கிலிருந்து மாறும், ஆனால் சிந்தனை ஒன்றுதான். சீமென்ஸ் கன்ட்ரோல் உள்ள கடைக்குப் போனால் இதே வேலைக்கு ஆர் பாராமீட்டர் என்பார்கள், ஹைடன்ஹைனில் கியூ பாராமீட்டர். ஒன்றை ஒழுங்காகக் கற்றவனுக்கு மற்றவை சில நாள் வேலை. மெஷினில் ஓட்டிப் பார்க்கும்போது ஜாப் இல்லாமல், இசட்டை உயர்த்தி வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக நிறுத்தி), முதலாளியிடமோ செட்டரிடமோ சொல்லிவிட்டு.

பி.இ. பற்றி. டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தம்பிக்கு டிசைன் பக்கம் போகவோ, உதவிப் பொறியாளர் அரசுத் தேர்வு எழுதவோ எண்ணம் இருந்தால் பட்டம் வேண்டும். அப்பா சொல்வது சரி, தாமதிக்காமல் சேரட்டும். மெஷின் பக்கமே நிற்கப் போகிறான் என்றால் அவசரமில்லை. இதை அவன் அப்பாவோ நானோ முடிவு செய்ய முடியாது. ஆனால் இரண்டில் எது என்று அவனையும் நீங்கள் இதுவரை நேராகக் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஞாயிறு ஒரு காரியம் செய்யுங்கள். 80 மில்லி குழாய் ஃபிளேஞ்சை அவனிடம் கொடுங்கள்: பிசிடி 160, துளை 8, முதல் துளை பூஜ்யம் டிகிரியில். கால்குலேட்டர் இருக்கட்டும், மொபைல் வேண்டாம். எட்டுத் துளைக்கும் எக்ஸ், ஒய் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது துளைக்கு இரண்டுமே 56.569 வரவேண்டும். மூன்றாவதில் எக்ஸ் பூஜ்யம், ஒய் 80. நாலாவதில் எக்ஸ் மைனஸ் ஆக வேண்டும். அங்கே தடுமாறினால் திட்டாதீர்கள், உங்கள் டியூஷன் பிள்ளைகளோடு அவனையும் நாலு நாள் உட்கார வையுங்கள். பிறகு அதே தாளில், 8 என்ற இடத்தில் 12 போட்டால் எது எது மாறும், எது மாறாது என்று கேளுங்கள். அவன் எழுதிய தாளை அப்படியே, அடித்தல் திருத்தலோடு, படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.