வழிகாட்டி கேட்டு அனுப்பும் மெயிலுக்குப் பதில் வரவில்லையா?

"எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று மூத்த செய்தியாளர்களிடம் கேட்பதை, இதழியல் படிக்கும் உங்கள் தோழி நிறுத்தட்டும். தான் எழுதிய ஒரே ஒரு செய்திக் கட்டுரையை அனுப்பி, முதல் பத்தி சரியாக நிற்கிறதா, அதற்காக இன்னும் யாரிடம் பேசியிருக்கலாம் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அத்தனை கறுப்பினச் செய்தியாளர்களுக்கு அவர் எழுதியும் பதிலே இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் திமிர் காரணமில்லை. பல செய்தி அறைகளில் அவர்கள் ஒன்றிரண்டு பேர்தான், எல்லா மாணவர்களும் அவர்களையே மொய்க்கிறார்கள்.

அப்புறம், 1975இல் தொடங்கிய கறுப்பினப் பத்திரிகையாளர்களின் தேசியச் சங்கத்தில் (என்ஏபிஜே) மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டாரா என்று பாருங்கள். அட்லாண்டாவிலேயே கிளை இருக்கிறது. ஆண்டு மாநாட்டில் மாணவர்களே செய்தி அறை நடத்துவார்கள், மூத்தவர்கள் பக்கத்தில் இருந்து திருத்துவார்கள். நூறு மெயிலைவிட அது மேல். ஆனால் ஒன்று, அந்த மாணவர் செய்தி அறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், எல்லாருக்கும் கிடைக்காது.