சென்னை வெயிலும் சென்ட் பாட்டிலும்: அத்தர் கடை பாய் பதில்கள்

திருவல்லிக்கேணியில இருபது வருஷத்துக்கு மேல அத்தரும் சென்ட்டும் விக்கிறேன். “என்ன வேணா கேளுங்க”ன்னு சொல்லியிருந்தேன். கேட்டுட்டீங்க. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துப் பதில் சொல்றேன்.

பாய், நாலாயிரம் ரூபா கொடுத்து வாங்கினேன். வேளச்சேரில கிளம்பி சோழிங்கநல்லூர் ஆபீஸ் போறதுக்குள்ள வாசனை போயிடுது. டூப்ளிகேட்டா?

அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ‘ஓ டி பர்ஃபம்’னா வாசனை எண்ணெய் நூத்துக்கு 15-லேருந்து 20 பங்கு இருக்கும். ‘ஓ டி டாய்லெட்’ 5-லேருந்து 15. ‘கொலோன்’ 2-லேருந்து 5தான். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னப்பின்ன வரும். கொலோன் ஒன்னு ரெண்டு மணி நேரத்துல போகத்தான் செய்யும், அதோட குணமே அது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மாதிரி வாசனைங்க லேசானது, மே மாச வெயில்ல பைக்ல போனா சிக்னலுக்கு ஒரு பங்கா பறந்துடும். சந்தனம், வெட்டிவேர், ‘ஊது’ங்கிற அகில் கட்டை வாசனை இதெல்லாம் கனம், தங்கும்.

இன்னொன்னு இருக்கு. வாசனை போயிருக்காது, உங்க மூக்குக்குப் பழகியிருக்கும். தினம் ஊதுபத்தி ஏத்துற வீட்டுக்காரங்களுக்கு அந்த வாசனை தெரியுமா? வாசல்ல வந்து நிக்கிறவருக்குத்தான் தெரியும். அதனால பக்கத்து சீட்டுக்காரரைக் கேளுங்க. கேக்காம மறுபடி நாலு தடவை அடிச்சுட்டு லிஃப்ட்ல ஏறுறவங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு.

குளிச்சு, ஈரம் துடைச்சு, வறண்ட தோலா இருந்தா வாசனையில்லாத வாசலின் துளி தடவி, அது மேல அடிங்க. கழுத்துல ஒன்னு, நெஞ்சுல ஒன்னு. நம்ம ஊர்ல பகலுக்கு இது போதும். காட்டன் சட்டையில அடிச்சா இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும், வெள்ளைச் சட்டைன்னா கறை பாத்துக்குங்க.

வேர்வை நாத்தத்தை மறைக்க ஸ்ட்ராங்கா எது இருக்கு?

எதுவும் இல்ல. வேர்வைக்குன்னு பெரிசா நாத்தம் கிடையாது. தோல்ல இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறும். அது மேல சென்ட் அடிச்சா ரெண்டும் கலந்து மூணாவதா ஒன்னு வரும், மின்சார ரயில்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறிப் பாருங்க. வேர்வையைக் குறைக்கிறது ‘ஆன்ட்டி பெர்ஸ்பிரன்ட்’, அதுல அலுமினிய உப்பு இருக்கும். ராத்திரி, அக்குள் காய்ஞ்சிருக்கும்போது போட்டாத்தான் நல்லா வேலை செய்யும். சென்ட் அதுக்கப்புறம்.

பாதி விலைக்கு ‘ஒரிஜினல்’னு விக்கிறாங்களே, வாங்கலாமா?

நானே ஏமாந்திருக்கேன், அதுவும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு. ஒரு மொத்த வியாபாரிகிட்ட பன்னெண்டு பாட்டில் எடுத்தேன். திறந்ததும் அச்சு அசல் அதே வாசனை. ஒரு மணி நேரம் கழிச்சு கையை மோந்தா புளிச்ச வாடை மட்டும்தான். முதல் பத்து நிமிஷ வாசனையைக் காப்பி அடிக்கிறது சுலபம், செலவு பிடிக்கிறது அடியில நிக்கிற வாசனைதான். அட்டைப் பெட்டி அடியில இருக்கிற பேட்ச் நம்பரும் பாட்டில் அடியில இருக்கிறதும் ஒன்னான்னு பாருங்க. ஒன்னா இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. ஒன்னா இல்லன்னா திருப்பிக் கொடுத்துடுங்க.

கடையில எப்படித் தேர்ந்தெடுக்கிறது? பத்து மோந்ததும் எல்லாம் ஒன்னாவே இருக்கு.

பத்து மோக்காதீங்க. காகிதத்துல மூணு, அதுல பிடிச்ச ஒன்னை மணிக்கட்டுல. தேய்க்க வேணாம். வெளியே போய் ஒரு டீ குடிச்சு, பீச் வரைக்கும் நடந்துட்டு வாங்க. ஏசி கடையில மணக்கிறது வேற, உங்க தோல்ல வெயில் பட்டு மணக்கிறது வேற. காப்பிக்கொட்டை கிண்ணம் வைக்கிறது பார்க்க அழகா இருக்கும். மூக்கு தேறணும்னா வாசல்ல நின்னு காத்து வாங்கினாலே போதும்.

பொண்ணு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை மேல அடிக்கலாமா? (மயிலாப்பூர் அம்மா ஒருத்தர்)

வேணாம்மா, பட்டுல கறை விழும். முத்துக்கும் ஆகாது. முதல்ல தோல்ல போட்டு, காய்ஞ்சதும் புடவை, அப்புறம் நகை. அன்னிக்குத் தலையில ரெண்டு முழம் மல்லி வைப்பீங்கல்ல, அப்புறம் சென்ட் எதுக்கு? நம்ம தமிழ்நாட்டு மல்லிச் சாற்றை வெளிநாட்டு சென்ட் கம்பெனிகள் வாங்கிட்டுப் போறாங்க. ராத்திரி மல்லி விரியும்போது லேசா மக்கின மாதிரி ஒரு கனமான வாடை வருமே, அது இண்டோல்ங்கிற பொருளால. அந்தக் கனத்துக்கு முன்னாடி எந்தப் பாட்டிலும் தோத்துடும்.

ஐம்பது ரூபா அத்தர்ல சந்தன எண்ணெய் இருக்கா?

இல்ல. நானும் அதை விக்கிறேன், ஆனா சந்தன எண்ணெய் விலைக்கு அது கட்டுப்படியே ஆகாது. பழைய முறை அத்தர் உத்தரப்பிரதேசத்துல கன்னௌஜ் ஊர்ல செய்றது. செம்பு அண்டாவுல பூவும் தண்ணியும் போட்டு விறகடுப்புல காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில இறக்குவாங்க. சுட்ட மண்ணைக் காய்ச்சி எடுக்கிற ‘மிட்டி’ அத்தர்னு ஒன்னு இருக்கு, முதல் மழை வாசனை. நம்ம அக்னி நட்சத்திரத்துல ஒரு பொட்டு வச்சுப் பாருங்க.

பாட்டிலை எங்க வைக்கிறது?

பீரோவுல. பாத்ரூம், கார், ஜன்னலோரம் மூணும் கூடாது.

நீங்க என்ன போடுவீங்க பாய்?

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறப்ப வெட்டிவேர் அத்தர் ஒரு பொட்டு. மத்த நாள் ஒன்னும் கிடையாது. நான் போட்டுக்கிட்டு நின்னா, கடைக்கு வர்றவங்க எதை மோக்கிறாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.