ஐந்து ஸ்டார் வெயில்

கேள்வி: வெயில் நன்றாக அடிக்கும் வருடத்தில்தான் இத்தாலியில் சிவப்பு ஒயின் பிரமாதமாக வருமாமே? மொண்டால்சினோ ஊரில் 1997-க்கு ஐந்து ஸ்டார் கொடுத்தார்களாம். அதைவிடக் கொளுத்திய 2003-க்கு ஏன் கொடுக்கவில்லை? (நான் குடிப்பதில்லை. பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.)
– ஒரு வாசகர், கோவை

பதில்: பொது அறிவுக்காகக் கேட்பவர்கள்தான் வருடத்தைக்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஸ்டார் என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மொண்டால்சினோ, டஸ்கனியில் குன்றின்மேல் இருக்கும் சின்ன ஊர். சாஞ்சோவேசே என்ற ஒரே வகைத் திராட்சையில் புருனெல்லோ என்ற சிவப்பு ஒயின் செய்கிறார்கள். அறுவடை முடிந்த சில மாதங்களிலேயே அந்த வருடத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுத்து, ஓட்டில் பொறித்துச் சுவரில் பதித்துவிடுவது பல காலம் அங்கே வழக்கமாக இருந்தது. ஒயின் விற்பனைக்கு வருவதோ அறுவடைக்கு அப்புறம் ஐந்தாவது வருடம் ஜனவரியில்! பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்றே பிளஸ் டூ ரிசல்ட்டைக் கல்வெட்டில் வெட்டிவைப்பது மாதிரி. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரப்பிய 100 மார்க் முறை இன்னும் தாராளம். அதில் கணக்கே 50-இல்தான் ஆரம்பம். பாட்டில் மேஜைக்கு வந்து நின்றாலே பாதி பாஸ்.

நம் பத்திரிகையிலும் சினிமா விமர்சனத்துக்கு மார்க் போடச் சொல்லி விற்பனைப் பிரிவு தீபாவளிக்குத் தீபாவளி மனு கொடுக்கிறது. நான் இருக்கும்வரை நடக்காது. மார்க் போட்டால் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எழுதியவன் எதற்கு?

சரி, வெயில். 1997 ஏப்ரலில் டஸ்கனியில் உறைபனி விழுந்து தளிர்கள் கருகின. கொடிக்குக் குலை குறைந்தது. பிறகு வந்த கோடை, சூடாகவும் வறண்டும் கடைசிவரை நிதானமாகப் போனது. இருந்த கொஞ்சம் குலையும் முழுசாகப் பழுத்தது. பாதிப் பெருமை பனிக்குப் போக வேண்டியது. வெயில் மொத்தமாக வாங்கிக்கொண்டது.

2003-இல் ஐரோப்பா முழுக்க அனல். வெப்பம் எல்லை மீறினால் கொடி தண்ணீரைக் காப்பாற்ற இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். உணவு தயாரிப்பு படுத்துவிடும். பழம் பழுக்காது, வதங்கும். நீர் வற்ற வற்றச் சர்க்கரை செறிவாகும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை கூடினால், நொதித்த பின் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆல்கஹால் ஏறும். புளிப்போ சூட்டில் எரிந்துபோகும், இரவும் குளிராவிட்டால் இன்னும் வேகமாக. தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்புக்கு மட்டும் அவசரமே தெரியாது. அது பக்குவப்பட நாள் வேண்டும். சர்க்கரை முந்திக்கொண்டு, துவர்ப்பு பின்தங்கி, இரண்டுக்கும் நடுவில் எப்போது பறிப்பது என்று தெரியாமல் விவசாயி விழித்த வருடம் அது. ஈரம் பிடித்துவைக்கும் களிமண் நிலமும் உயரமான தோட்டமும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களே வேறு வேறு கதை சொன்ன அந்த வருடத்துக்கும் நான்கு ஸ்டார் கொடுத்தார்கள். அவர்களும் தாராளம்தான்.

ஆக, எவ்வளவு வெயில் என்று கேட்காதீர்கள். எந்த மாதத்தில், எந்த மண்ணில், ராத்திரி குளிர்ந்ததா என்று கேளுங்கள். முன்பெல்லாம் குலைமேல் வெயில் படட்டும் என்று இலையைக் கிள்ளினார்கள். இப்போது நிழலுக்காக அதே இலையை விட்டுவைக்கிறார்கள். வடக்கு இத்தாலியில் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பரோலோ பக்கம், பனி முதலில் உருகும் தெற்குப் பார்த்த சரிவுக்குத்தான் அந்தக் காலத்தில் கிராக்கி. இப்போது அங்கேயும் உயரமான, குளிர்ந்த சரிவு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.